வாண்மங்கலம்: மீட்டெடுக்கப்பட்ட ஒரு விமானத்தை வாசித்தல்

புறநானூற்றின் 95ஆம் பாட்டை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். தற்காலிக விரிவுரையாளன் வேலை, தொகுப்பூதியம். பாடத்திட்டத்தில் போட்டிருப்பதை நடத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சொன்னதாக வரும் பாட்டு. இங்கே உள்ள ஆயுதங்கள் மயில்தோகையும் பூமாலையும் தரித்து, பிடி செப்பனிடப்பட்டு, எண்ணெய் மினுக்கோடு, காவல் மிகுந்த மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் ஆளின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. சாரம் இவ்வளவுதான். புகழ்வதுபோல் பழித்தது, பழிப்பதுபோல் புகழ்ந்தது என்று உரைகள் சொல்வதைச் சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், பட்டறையில கெடக்கிற வேலு யாரைக் குத்தி ஒடிஞ்சிச்சு? அவங்க பாட்டுல எங்க சார் இருக்காங்க?"

அவர்கள் பாட்டில் இல்லை. 'பகைவர்' என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடியாயிற்று. வேலின் நுனி ஒடிய ஓர் எலும்பு தேவைப்பட்டிருக்கும். அந்த எலும்புக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். இந்தப் பாட்டை நயந்து நயந்து பேசிவந்த நமக்கு — எனக்கும்தான் — இது உறைக்கவில்லை. துறையின் பெயர் வாண்மங்கலம். வாளுக்கு மங்கலம் பாடுவது. மங்கலத்தில் பிணத்துக்கு இடம் கிடையாது.

அந்த மாணவியின் கேள்வியை வைத்துக்கொண்டு நான் வாசிக்க விரும்பும் பிரதி ஒரு விமானம். பழைய போர்க்கருவிகளைச் சேகரித்து, சீர்செய்து, காட்சிக்கு வைப்பது மேற்கில் பெரிய காரியம். அருங்காட்சியகங்கள், பணக்காரச் சேகரிப்பாளர்கள், வாரக் கடைசியில் ஸ்பேனரும் கையுமாக வந்து சம்பளமில்லாமல் உழைக்கிற ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் என்று அது ஒரு தனி உலகம். அந்த உலகம் எடுத்துச் செய்த மாபெரும் வேலைகளில் ஒன்று, எனோலா கே என்கிற பி-29 குண்டுவீச்சு விமானத்தின் மீட்டமைப்பு. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டைப் போட்ட அதே விமானம்.

போர் முடிந்து 1949இல் அமெரிக்க விமானப்படை இதை ஸ்மித்ஸோனியன் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவர்களிடம் வைக்க இடமில்லை. டெக்ஸாஸில் கொஞ்ச காலம் நின்றது. 1953 டிசம்பரில் வாஷிங்டனுக்குப் பக்கத்திலுள்ள ஆண்ட்ரூஸ் தளத்துக்குப் பறந்து வந்தது. அதுதான் அதன் கடைசிப் பறப்பு. அங்கே திறந்த வெளியில் மழையிலும் பனியிலும் கிடந்தது. பறவைகள் கூடு கட்டின. நினைவுப் பொருள் பொறுக்குகிறவர்கள் உள்ளே புகுந்து கைக்குக் கிடைத்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1960இல் பாகம் பாகமாகப் பிரித்து, பிறகு மேரிலாண்டின் சூட்லண்ட் என்ற ஊரிலிருக்கும் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனார்கள். சீர்செய்யும் வேலை தொடங்கியது 1984 டிசம்பரில். முடிக்க ஏறத்தாழ 3,00,000 மணிநேர உழைப்பு பிடித்தது.

ஆண்ட்ரூஸில் கிடந்த அந்த ஏழு வருஷங்கள் எனக்கு உறுத்துகின்றன. வெற்றியின் கருவியை வென்ற நாடே மழையில் போட்டுவைத்திருந்தது. அலட்சியமா, கூச்சமா? இடமில்லை என்ற நிர்வாகக் காரணத்துக்கு அப்பால் எதையும் நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அலுமினியம் மங்கி, கண்ணாடி உடைந்து, குண்டு தொங்கிய வயிற்றுக்குள் காக்கை குருவி குடியிருந்த அந்த நிலையில் அது தன் கதையை ஓரளவு நேர்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தது என்று தோன்றுகிறது. யாரும் கேட்கத்தான் இல்லை.

மீட்டமைப்பு என்று வந்துவிட்டால் முதலில் தீர்மானிக்க வேண்டியது: எந்த நாளுக்கு மீட்பது? எந்தப் பொருளுக்கும் ஒரே ஒரு 'அசல் நிலை' இருந்ததில்லை. இந்த விமானம் நெப்ராஸ்காவில் மார்ட்டின் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது ஒரு மாதிரி இருந்தது. 1946இல் பிகினி தீவு அணுச் சோதனைகளுக்காகப் பசிபிக் போனபோது வேறு மாதிரி. பறவைக் கூடுகளோடு இன்னொரு மாதிரி. மீட்டமைப்பாளர்கள் தேர்ந்தது 1945 ஆகஸ்ட். அந்த நாளுக்கு முந்தியதும் பிந்தியதும் அழுக்கு, பிற்சேர்க்கை, இடைச்செருகல். கழுவி எடுத்துவிடலாம்.

தமிழ் படித்தவனுக்கு இது பதிப்பு வேலையாகத்தான் தெரியும். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 என்ற இரண்டு பாட்டுகள் கிடைக்கவில்லை. பாட்டு இல்லை, ஆனால் எண் இருக்கிறது. இன்றைக்கும் புத்தகத்தைத் திறந்தால் அந்த எண்களுக்கு நேரே இழப்பு இருக்கிறது. தானே இரண்டு பாட்டு எழுதிச் சேர்த்துவிடவில்லை அவர். சும்மா சொல்லக்கூடாது, அருங்காட்சியகத்துக்காரர்களிலும் நல்ல வேலைக்காரர்கள் மாற்றிப் போட்ட உறுப்பில் குறி போட்டு வைக்கிறார்கள். காணாமற்போன பாகத்துக்குப் பதில் எது வந்தது என்று பதிந்து வைக்கிறார்கள். விமானத்தைப் பொறுத்தமட்டில் அவர்கள் நாணயமான பதிப்பாசிரியர்கள். என் வழக்கு வேறு: இழப்பு என்று அவர்கள் கணக்கெடுத்தது எல்லாம் விமானத்தின் இழப்பு. தொலைந்துபோன கருவிக்கு ஓர் எண் உண்டு. கீழே இருந்த ஊருக்கு இல்லை.

இந்தத் துல்லியத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த விமானத்தின் வாலில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று ஒரு பெரிய எழுத்து. அது இவர்களுடைய 509ஆம் பிரிவின் அடையாளமே அல்ல. 6ஆம் குண்டுவீச்சுப் பிரிவினுடையது. எதிரிக்குத் தெரியக் கூடாதென்று, 1945 ஆகஸ்ட் தொடக்கத்தில் வேறு பிரிவின் குறியை வரைந்துகொண்டார்கள். மாறுவேஷம். மீட்டமைப்பில் அந்த வேஷமும் அப்படியே திரும்ப வந்தது. பொய்யை அச்சுப்பிசகாமல் மீட்டெடுப்பதும் 'வரலாற்றுத் துல்லியம்'தான் என்றால், வரலாற்றுத் துல்லியம் என்பது யாருக்கான துல்லியம்?

மூக்கில் எழுதியிருக்கும் எனோலா கே என்பது விமானி பால் டிபெட்ஸின் அம்மா பெயர். புறப்படுமுன் எழுதச் சொன்னார். வயிற்றுக்குள் வைத்த குண்டுக்கு ஏற்கனவே 'சின்னப் பையன்' என்று பெயர். தாய் பெயருள்ள வயிற்றிலிருந்து பையன் பிறந்து ஊரை எரிக்கிறான். பெண்ணிய வாசிப்புக்கு இதைவிட வசதியாக யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. வசதியாக இருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு விட்டுவிடுகிறேன். ஆனால் நம்முடைய 279ஆம் பாட்டில் தகப்பனையும் கணவனையும் போரில் கொடுத்த பிறகும், இருக்கும் ஒரே மகன் தலையில் எண்ணெய் தடவிச் சீவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாளே ஒருத்தி, அவளை 'மறக்குடி மகள்' என்று மேடைதோறும் கொண்டாடுகிற நாம், டிபெட்ஸின் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க உரிமை உடையவர்களா?

*

சண்டை வந்தது 1994இல். போர் முடிந்த 50ஆம் ஆண்டுக்காக, விமானத்தின் முன்பகுதியைக் காட்சிக்கு வைக்க வாஷிங்டன் தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகம் திட்டமிட்டது. அதன் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் விமானப்படைக்காரர் அல்ல, வானியற்பியலாளர். விமானத்தை மட்டும் வைக்காமல், குண்டு போடும் முடிவு எப்படி எடுக்கப்பட்டது, அது விழுந்த இடத்தில் என்ன நடந்தது, அதிலிருந்து பனிப்போர் எப்படிக் கிளைத்தது என்பதையும் சேர்த்து வைக்க நினைத்தார்கள். ஹிரோஷிமாவிலிருந்து கடனாகச் சில பொருட்கள் வருவதாக இருந்தது. அவற்றில் ஒன்று ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் சோற்று டப்பா. உள்ளே கரியாகிப்போன அரிசிச் சோறும் பட்டாணியும். டப்பா கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை.

விமானப்படைச் சங்கமும் அமெரிக்க லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பும் எழுந்து நின்றன. காட்சியின் எழுத்துப் பிரதி திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. அந்தப் பிரதி வரலாற்றைத் திரிப்பது, படைவீரர்களைப் புண்படுத்துவது என்று 1994 செப்டம்பரில் அமெரிக்க செனட் எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் போட்டது. 1995 ஜனவரி 30இல் காட்சி கைவிடப்பட்டது. மே மாதம் ஹார்விட் பதவி விலகினார். ஜூன் 28இல் திறந்தது இன்னொரு காட்சி: பளபளக்கும் விமான உடல், அதைப் பளபளக்கச் செய்த விதம் பற்றிய விவரங்கள். டப்பா இல்லை. சில நாட்களில் மூன்று பேர் வந்து சாம்பலையும் மனித ரத்தத்தையும் விமானத்தின்மீது எறிந்து கைதானார்கள். கறை துடைக்கப்பட்டது. அதுவும் இடைச்செருகல்தானே. 1998இல் மூடும்வரை ஏறத்தாழ 40 லட்சம் பேர் பார்த்துப் போனார்கள்.

இந்த விவகாரத்தை 'கருத்துச் சுதந்திரம்' என்ற தலைப்பில் பேசிவிட்டுப் போகலாம், பலர் பேசியிருக்கிறார்கள். எனக்கு வேறு விஷயம் முக்கியமாகப் படுகிறது. இறக்கை விரிந்தால் 43 மீட்டர் அகலம் வருகிற ஒரு யந்திரம். கையகல டப்பா ஒன்று. இரண்டையும் ஒரே கூடத்தில் வைக்கக் கூடாது என்று ஒரு வல்லரசின் சட்டசபை வரை போய் நிறுத்துகிறார்கள். ஏன் அந்தப் பயம்? டப்பா வாதம் எதுவும் செய்யவில்லை. குண்டு போட்டது தப்பு என்று அதில் எழுதவில்லை. பசியை மட்டும் வைத்திருக்கிறது — மத்தியானம் வரும், பெண் சாப்பிடுவாள் என்று காலையில் ஒரு தாய் நம்பியதை. அந்த டப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் விமானம் 'யந்திரம்' என்ற நிலையிலிருந்து இறங்கி 'கருவி' ஆகிவிடுகிறது. கருவி என்றால், செய்யப்பட்டது என்ன, செய்தது யார் என்ற கேள்விகள் வந்துவிடும்.

2003 டிசம்பரில், வாஷிங்டனுக்கு வெளியே புதிதாகக் கட்டிய உட்வார்-ஹேஸி மையத்தில், இறக்கையும் வாலும் சேர்ந்த முழு விமானம் நிறுத்தப்பட்டது. அதன் விளக்கப் பலகை பி-29இன் தொழில்நுட்ப மேன்மையைச் சொன்னது. வீரர்களுக்குக் காற்றழுத்தம் பராமரித்த அறைகள் கொண்ட முதல் குண்டுவீச்சு விமானம் இதுதான் என்றது. ஹிரோஷிமாவில் குண்டு போட்டது இந்த விமானம் என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொன்னது. செத்தவர்களின் எண்ணிக்கை இல்லை. அதைச் சேருங்கள் என்று அறிஞர்களும் எழுத்தாளர்களும் மனுக் கொடுத்தார்கள். மற்ற விமானங்களின் பலகைகளில் அப்படிப் போடுவதில்லை, இதற்கு மட்டும் முடியாது என்றது நிர்வாகம். சமத்துவம்! குண்டைச் சுமந்தவன் வெளிக்காற்று படாமல் சௌகரியமாக இருந்தான் என்பது தொழில்நுட்பத் தகவல். 1945 முடிவதற்குள் கீழே ஏறத்தாழ 1,40,000 பேர் செத்தார்கள் என்பது அரசியல். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டியது. திறப்பு நாளன்று ஹிரோஷிமாவிலிருந்து உயிர்பிழைத்தவர்கள் வந்து நின்றார்கள். யாரோ எறிந்த சிவப்புச் சாயப் புட்டி பட்டு விமானத் தகட்டில் ஒரு பள்ளம் விழுந்தது.

ரோலண்ட் பார்த் 1957இல், பத்திரிகை அட்டையில் பிரெஞ்சுக் கொடிக்கு வணக்கம் வைக்கும் கறுப்புப் படைவீரனின் படத்தை எடுத்துக்கொண்டு, தொன்மம் எப்படி ஒரு பொருளிலிருந்து வரலாற்றை வடித்துவிட்டு வெறும் வடிவத்தை நிறுத்துகிறது என்று விளக்கினார். (நம் சிறுபத்திரிகைகளில் இதை இழுக்காத ஆள் இல்லை, தெரியும்.) இங்கே நடப்பது அதைவிடச் சூட்சுமம். வரலாறு வடிக்கப்படவில்லை, தகவலாக மாற்றிக் கொட்டப்படுகிறது. எத்தனை குதிரைத்திறன், எந்த ஆலையில் செய்தது, எந்தத் திருகு எந்த அளவு. தகவல் நிறைய நிறைய, கேட்க இடமில்லாமல் போகிறது.

இதைச் சொல்லும்போது அந்த ஸ்பேனர்க்காரர்களை நான் ஏளனம் செய்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தின் பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் 'டைகர் 131' இருக்கிறது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் ஜெர்மானியரிடமிருந்து பிடிபட்டது. ஓடும் நிலையில் உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே டைகர்-1 டாங்கி. வருஷக்கணக்காகச் சீர்செய்து ஓடவிட்டார்கள். 2014இல் வந்த 'ஃப்யூரி' படத்தில் அதுவே நடித்தது. அது கிளம்பும் சத்தத்தை ஒரு நண்பர் வீட்டுக் கணினியில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நாஜிப்படையின் டாங்கி என்று மூளை சொல்கிறது, உடம்பு கேட்பதில்லை. அந்தக் கூச்செறிதல் எங்கிருந்து வருகிறது என்று ஆராயாமல், 'ஏகாதிபத்தியப் பண்பாடு' என்று முத்திரை குத்திவிட்டு நகர்கிற நம் வழக்கமான விமர்சனம் சோம்பேறித்தனமானது. மேலும், அந்த மெக்கானிக்குகளின் பொருள்சார்ந்த அறிவு சில சமயம் தேசங்களின் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். வெல்ல முடியாதது என்று பிரச்சாரம் ஊதிய டைகர் எவ்வளவு எரிபொருள் குடித்தது, எப்படி அடிக்கடி பழுதாகி நின்றது என்பது அதைக் கழற்றிப் பூட்டியவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆயுதத்தின் தெய்வத்தன்மையை உடைக்க அதைக் கழற்றிப் பார்ப்பதும் ஒரு வழி.

ஹிரோஷிமாவில் செய்த வேலை நேர் எதிரானது. குண்டில் சிதைந்த தொழில் வளர்ச்சிக் கூடத்தின் குவிமாட எலும்புக்கூட்டை இடித்துவிட வேண்டுமென்று அந்த ஊரிலேயே பலர் நினைத்தார்கள். பார்க்கப் பார்க்க அந்த நாள் வருகிறது என்றார்கள். 1966இல் நகர சபை, வைத்திருப்பதென்று முடிவெடுத்தது. 1967இலும் 1989-90இலும் விரிசல்களில் பிசின் செலுத்தி, உள்ளே இரும்பு கொடுத்து நிறுத்தினார்கள். இடிந்ததை இடிந்தபடியே நிற்கவைக்கும் மராமத்து. எனோலா கேயின் கடிகாரம் 8.15க்கு முன்னால் நிற்கிறது, இதனுடையது 8.15க்குப் பின்னால். அதற்காக ஹிரோஷிமாவைப் புனிதமாக்கவும் வேண்டாம். ஜப்பானிய ஆட்சி இழுத்துவந்து வேலை வாங்கிய கொரியர்களும் அன்று ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1970இல் அவர்களுக்கு எழுப்பிய நினைவுக்கல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. உள்ளே வர 1999 ஆனது. பலியானவர்களின் ஊரிலும் செத்தவனுக்கு வாசல் உண்டு, வரிசை உண்டு.

இந்தியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் பிரான்சிலே ரஃபேல் விமானத்தை வாங்கிக்கொள்ளப் போன பாதுகாப்பு அமைச்சர் அதற்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வாண்மங்கலம் என்ற துறை வழக்கொழிந்து போகவில்லை என்பதற்கு இதற்குமேல் உரை வேண்டாம். விக்ராந்த் கப்பலோ மும்பையில் அருங்காட்சியகமாக 2012 வரை மிதந்து, 2014இல் உடைக்கப்போய், அதன் இரும்பு 2016இல் மோட்டார் சைக்கிளில் சேர்ந்து விளம்பரத்துக்கு வந்தது. தேசபக்தியைத் தவணையில் வாங்கலாம்.

*

நமக்குப் பக்கத்தில் இருக்கும் காட்சிப்பொருள் ஆனையிறவில் ஏ9 சாலையோரம் நிற்கிறது. மண் தள்ளுகிற புல்டோசர். சுற்றிலும் இரும்புத் தகடு பற்றவைத்துக் கவசவண்டி ஆக்கப்பட்டது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கப் புலிகள் கொண்டுவந்தது. காமினி குலரத்ன என்ற சிங்களச் சிப்பாய் அதன்மேல் ஏறி வெடிக்கவைத்துத் தானும் செத்தார். அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள். இந்த வண்டியை யாரும் மெருகேற்றவில்லை. பளபளப்பு இங்கே கதையைக் கெடுத்துவிடும். சிதைந்த இரும்பாக அது நிற்க வேண்டும், தெற்கிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

ஔவையின் பாட்டை இப்போது திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. மினுக்கம் ஒரு நிலை, முறிவு ஒரு நிலை என்று மட்டும் பார்த்தோம். அவளுடைய பாட்டில் மினுக்கம் போர் செய்யாதவனின் அடையாளம். முறிவு செய்தவனின் சான்று. வாஷிங்டனில், செய்து முடித்த ஆயுதத்துக்குச் செய்யாத ஆயுதத்தின் மினுக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனையிறவில் எதிரியின் ஆயுதத்தை முறிந்த நிலையிலேயே உறையவைத்திருக்கிறார்கள். எதை எண்ணெய் போட்டுத் துடைப்பது, எதைத் துருவோடு விடுவது என்பதை வென்றவன் தீர்மானிக்கிறான். துரு என்பதும் ஒருவகை மெருகுதான். புலிகளும் ஆயுதத்துக்கு மாலை சூட்டத் தயங்கியவர்கள் அல்ல; 2000 ஏப்ரலில் அதே ஆனையிறவு அவர்கள் கைக்கு வந்தபோது இங்கே தமிழ்நாட்டிலிருந்து பாடப்பட்ட வாண்மங்கலங்களை நாமும் வாசித்தோம், எழுதினோம். அவற்றிலும் அந்த மாணவி தேடிய ஆட்கள் இல்லை. வண்டிக்குள் இருந்தவனும் இல்லை, முகாமுக்குள் செத்தவனும் இல்லை.

புல்டோசர் என்ற வாகனத்துக்கு அந்த மண்ணில் இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். 2009 மேக்குப் பிறகு மாவீரர் துயிலும் இல்லங்களை ராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. சில இடங்களில் அதன்மேலேயே முகாம் போட்டது. ஒரு புல்டோசரை மேடைபோட்டு நிறுத்திவிட்டு, வேறு புல்டோசர்களால் கல்லறைகளைத் தள்ளினார்கள். இரும்புக்குப் பராமரிப்பு, எலும்புக்கு இல்லை. செத்த பிள்ளையின் கல்லைக் கேட்ட தாய்மார்கள் அதை இயக்கத்தின் கல்லாகக் கேட்டார்களா, பிள்ளையின் கல்லாகக் கேட்டார்களா என்று விசாரிக்கிற பொறுமை அரசுக்கும் இல்லை, இங்கே மேடையில் பேசுகிற நம்மவர்களுக்கும் இல்லை.

2016 நவம்பர் 27இல் கிளிநொச்சி கனகபுரத்தில் சனங்கள் போய்ப் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கினார்கள். உடைந்து கிடந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி ஓரிடத்தில் குவித்தார்கள். குவியல் குவியலாகவே இருந்தது, யாரும் ஒட்டவைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றினார்கள்.